அருவிக்கு நுழைவுச்சீட்டு இல்லை

உழைப்பும் ஓய்வும் மாந்தர் வாழ்வின் இரு கரைகள். உழைப்பு மட்டுமே வாழ்வாயின் உள்ளம் வறண்டுவிடும். ஓய்வு மட்டுமே வாழ்வாயின் உடல் சோம்பிவிடும். ஆதலின் ஆண்டுக்கொரு முறையேனும் குடும்பத்தோடு வெளியூர் சென்று உள்ளம் குளிர்ந்து திரும்புதல் நம் முன்னோர் வகுத்த நல்வழக்கம். பூமியில் பயணம் செய்து படைப்பின் விந்தைகளைக் கண்டு தெளியுமாறு திருமறை நம்மை ஏவுகின்றது. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடி மகிழ்ந்த செய்தியை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. குடும்பத்தாரை மகிழ்வித்தல் வீண்வேலை அன்று, நற்செயல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயின் அம்மகிழ்ச்சிக்கு இன்று என்ன விலை? அவ்விலையைக் கொடுக்க இயலாதோர் எங்கே நிற்பர்? தென்காசியில் பிறந்து குற்றாலச் சாரலில் நனைந்து வளர்ந்த எமக்கு அண்மைக் காலமாக இவ்வினாக்கள் நெஞ்சில் நிற்கின்றன. மாணவச் செல்வங்களோடும் சமுதாயப் பெரியோர்களோடும் அவற்றைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாரல் நாட்டின் கொடை

தென்மேற்குப் பருவக்காற்று சேரநாட்டில் பெருமழை பொழிந்துவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியே செங்கோட்டைப் பக்கம் எட்டிப் பார்க்கும். அவ்வாறு எட்டிப் பார்க்கையில் அது சிந்தும் துளிகளே சாரல். ஒரு கணம் வெயில், மறுகணம் தூறல், இடையே குளிர்ந்த காற்று என மாறி மாறி வரும் இவ்வின்பத்தை ஆனி, ஆடி, ஆவணித் திங்கள்களில் தென்காசிச் சீமை நுகர்கின்றது. பேரருவி, சிற்றருவி, செண்பகாதேவி அருவி, தேனருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றால அருவி என மலையெங்கும் நீர் இறங்குகின்றது. குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு வயல்களை நனைத்துக்கொண்டு சென்று சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கின்றது.

இவ்வளம் தமிழுக்கும் வளம் சேர்த்தது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். இரசிகமணி டி.கே.சி. அவர்கள் குற்றாலத்திலேயே வாழ்ந்து தம் இல்லத்தை இலக்கிய அன்பர்களின் தங்குமிடமாக ஆக்கினார். அரபு நாட்டைப் பாட வந்த உமறுப் புலவரும் சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் மலையில் பொழியும் மழையையும் ஆறாய்ப் பெருகும் வெள்ளத்தையும் தமிழ்நாட்டுக் கண்கொண்டே கண்டார். மழைநீர் வழியும் மலை என்பது தமிழ்ப் புலவர்க்கு வளத்தின் முதல் அடையாளம்; அவர் எம்மதத்தைச் சார்ந்தவராயினும் இதில் வேறுபாடில்லை.

எம் இளமையில் குற்றாலம் செல்வதற்குத் திட்டம் எதுவும் தேவைப்பட்டதில்லை. தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பாட்டியார் புளிச்சோற்றையும் துவையலையும் தூக்குப் பாத்திரத்தில் அடைப்பார். நகரப் பேருந்தில் ஏறிவிடுவோம். பேரருவியில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே இடம் இருந்தமையால் எம் வீட்டுப் பெண்டிரும் கூச்சமின்றிக் குளித்தனர். திரும்பும் வழியில் மங்குஸ்தான் பழம் நாலைந்து வாங்கினால் அது பெருஞ்செலவு. பெருநாள் கழிந்த மறுநாள் தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் நம் மக்கள் குடும்பம் குடும்பமாக அருவிக்கரையில் கூடுவர். சந்திர ஆண்டின் கணக்குப்படி பெருநாள்கள் பருவந்தோறும் சுற்றி வருதலால் சில ஆண்டுகளில் பெருநாளும் சாரலும் ஒருங்கே அமையும். 2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் திங்களிலேயே அமைந்தது நினைவிருக்கலாம்.

பூங்காவின் கணக்கு

காலம் மாறியது. 1990-களில் தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தாவும், மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டரும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டும் பிள்ளைகளின் கனவில் புகுந்தன. 2000-ஆம் ஆண்டில் கொச்சியில் வீகாலாண்ட் என்னும் பெயரில் தொடங்கிய பூங்கா பின்னர் வொண்டர்லா எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனம் 2025 டிசம்பரில் சென்னையை அடுத்த இள்ளலூரிலும் ஒரு பூங்காவைத் திறந்தது. திறப்பின்போது அதன் நுழைவுக் கட்டணம் 1,489 ரூபாயில் தொடங்குவதாக அறிவிக்கப்பட்டது.

இத்தொகையை ஓர் உழைப்பாளியின் கண்கொண்டு நோக்குவோம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் மூவர் என ஐவர் கொண்ட குடும்பம் அப்பூங்காவினுள் நுழைய 7,445 ரூபாய் வேண்டும். இருபத்திரண்டு நாள் உழைத்துப் பெறும் கூலி, வாயிலைக் கடப்பதற்கே சரியாய்ப் போகும். தென்காசியிலிருந்து பொதிகை விரைவுத் தொடருந்தில் சென்னை சென்று மீளும் செலவும், தங்கும் செலவும், உணவுச் செலவும் இக்கணக்கில் சேரவில்லை. நம் வட்டாரத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாய்மார் பல்லாயிரவர். அவர்களுள் ஒருவரிடம் இக்கணக்கைச் சொன்னால் முதலில் சிரிப்பார். பின்னர் தம் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்.

நுழைவுச்சீட்டோடு செலவு நிற்பதுமில்லை. நீர்விளையாட்டுக் குளங்களில் பருத்தியாடையோடு இறங்க விடுவதில்லை. அதற்கெனத் தனியாடை வாங்க வேண்டும் அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். உடைமைகளை வைக்கும் பெட்டிக்கு ஒரு கட்டணம். வீட்டுச் சோறு வாயிலிலேயே நின்றுவிடும். உள்ளே விற்பதை உள்ளே சொல்லும் விலைக்கே உண்ண வேண்டும். இவை அனைத்தினும் எம்மைச் சிந்திக்கச் செய்தது மற்றொன்று. கூடுதல் பணம் கொடுத்தவர் நீண்ட வரிசையில் நில்லாமல் வேறொரு வழியே முன்னே செல்லலாம் என்னும் ஏற்பாடு! வரிசை என்பது ஏழைக்கும் செல்வர்க்கும் பொதுவாக எஞ்சியிருந்த ஒன்று. அதுவும் விலைக்கு வந்துவிட்டது.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கேளிக்கைப் பூங்காக்களுக்குத் தாயகம் போன்ற அமெரிக்க டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டபோது நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். விளையாட்டுகளுக்குத் தனித்தனிக் கட்டணம். அந்நாளில் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு முக்கால் டாலர். 2024 அக்டோபரில் அப்பூங்காவின் மிக உயர்ந்த ஒருநாள் கட்டணம் 206 டாலர் ஆயிற்று. அவ்வாண்டில் பூங்கா அமைந்துள்ள கலிபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர். அன்று ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிட உழைப்புக்குத் திறந்த வாயில், நெரிசல் மிகுந்த நாள்களில் இன்று பதின்மூன்று மணிநேர உழைப்பைக் கேட்கின்றது. விளையாட்டுக் கட்டணங்கள் இன்றைய சீட்டில் அடங்கியுள்ளன என்பதைக் கழித்துப் பார்த்தாலும் ஏற்றம் பெரிதே. 1999 முதல் அங்கே இலவசமாக இருந்த விரைவு வரிசை வசதியும் 2021-இல் கட்டணத்துக்கு உரியதாயிற்று.

மறுபக்க நியாயம்

ஒருபக்கம் மட்டும் பேசுதல் நடுவுநிலைமை ஆகாது. பெரும் இராட்டினங்களை நாள்தோறும் சோதித்து இயக்கவும், குளத்து நீரைத் தூய்மை செய்து சுழற்றவும், உயிர்காப்போரை நிறுத்தவும், மின்சாரத்துக்கும் பெருஞ்செலவாகும் என்பது உண்மை. வரியும் உண்டு. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது கேளிக்கைப் பூங்காக்களுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டு, 2018 ஜனவரியில் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

இயற்கை அருவியிலோ இடர் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் பதினேழு வயது இளைஞர் ஒருவரை அடித்துச் சென்றது. மலையுச்சியில் பெய்யும் மழையை அருவியடியில் நிற்பவர் அறியார். கோடையில் சென்றால் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்ப நேரும். கூட்ட நாள்களில் தலையை நீட்டவும் இடமிராது. ஆகவே, பாதுகாப்பும் ஒழுங்கும் கருதிப் பூங்காவைத் தேர்வோரை யாம் குறைகூறோம்.

குற்றாலமும் செலவற்ற ஊராக இன்று இல்லை. அருவிக்குக் கட்டணமில்லை, அதன் அருகில் தங்குவதற்கு உண்டு. சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வெளியூர் உறவினர்க்கு அறை தேடிச் சென்றோம். ஒரு விடுதியில் சாதாரண நாளில் கேட்கும் வாடகையைப்போல் மும்மடங்கு கேட்டனர். காரணம் வினவியபோது மேலாளர் பணிவாகவே விடையிறுத்தார்: “மூணு மாசச் சம்பாத்தியத்துல பன்னிரண்டு மாசம் ஓட்டணும், சார்.” அவர் கூற்றிலும் பொய்யில்லை. வாடகை, வாகன நிறுத்தக் கட்டணம், பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் என்று கூட்டினால், வெளியூர்க் குடும்பத்துக்குக் குற்றாலப் பயணமும் சில ஆயிரங்களைத் தொட்டுவிடுகின்றது. எனினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. இங்கே செலவைக் குறைக்க வழி இருக்கின்றது. கட்டுச்சோறு கொண்டு செல்லலாம். காலையில் வந்து மாலையில் திரும்பலாம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தபின், தென்காசித் தாய்மார் சிலர் காசின்றியே அருவி வரை சென்று வருவதையும் கண்டோம். கையில் எவ்வளவு உள்ளதோ அவ்வளவுக்கு ஏற்ற குற்றாலம் ஒன்று எவர்க்கும் உண்டு. பூங்காவின் வாயிலிலோ ஒரே விலைதான்.

பெயர் கொடாத பதினொருவர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் துறையின் மூன்றாமாண்டு மாணவர்கள் சுற்றுலாவுக்கு இடம் தேர்ந்தனர். பெரும்பான்மையோர் கேளிக்கைப் பூங்கா ஒன்றைச் சொன்னார்கள். பேருந்து, நுழைவுச்சீட்டு, உணவு எல்லாம் சேர்த்துத் தலைக்கு மூவாயிரம் ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. வகுப்பில் இருந்தோர் நாற்பத்திருவர். பெயர் கொடுத்தோர் முப்பத்தொருவர்.

ஏனைய பதினொருவரையும் தனித்தனியே அழைத்து வினவினோம். ஒருவர் அக்காவின் நிச்சயதார்த்தம் என்றார். ஒருவர் நீர் தமக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். இன்னொருவர், “அந்த மாதிரி இடமெல்லாம் எனக்குப் பிடிக்காது, ஐயா” என்று தலைகுனிந்தபடியே சொன்னார். மாலை நேரங்களில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துத் தங்கையின் படிப்புச் செலவையும் சுமந்த மாணவர் அவர். பணமில்லை என்னும் இரண்டு சொற்களைப் பதினொருவரில் ஒருவரும் உரைத்தாரில்லை. வறுமையினும் கொடியது அதனை மறைக்க நேர்தல் என்பதை அன்று எம் கண்முன் கண்டோம்.

மறுநாள் வகுப்பில் பெயர் எதனையும் சொல்லாமல், “எல்லாரும் வரக்கூடிய இடம் எது?” என்று மட்டும் கேட்டோம். சற்று நேரம் அமைதி. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “குற்றாலம்னா எல்லாரும் வரலாம்லா, ஐயா?” பார்த்த அருவிதானே என்று முணுமுணுத்தோரும் இருந்தனர். எனினும் ஒருவாறு ஒப்பினர். தலைக்கு ஐந்நூறு ரூபாய்; வசதியுள்ளோர் விரும்பினால் பொதுப் பெட்டியில் கூடுதலாக இடலாம்; யார் எவ்வளவு இட்டார் என்பது எவர்க்கும் தெரியாது. நாற்பத்திருவரும் வந்தனர். ஐந்தருவியில் காவலர் விசிலடித்து வரிசைப்படுத்தியபோது, கார் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையும் ஜவுளிக்கடைப் பிள்ளையும் தோளோடு தோள் நின்றனர். இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து வந்த ஒரு மாணவர் தம் வாழ்நாளில் முதன்முறையாக அருவியைக் கண்டார். அரைமணி நேரம் அவரை அதனடியிலிருந்து வெளியே இழுக்க இயலவில்லை.

பள்ளிவாசலில் தொழுகைக்கு அணிவகுக்கும்போது செல்வர்க்கு முன்வரிசை என்று ஒன்றில்லை. முந்தி வந்தவர்க்கே முன்னிடம். அவ்வணியின் மாண்பு வேறு, அருவியடி வரிசையின் நிலை வேறு என்பதை அறிவோம். எனினும் மனிதர் சமமாய் நிற்கும் இடங்கள் உலகில் குறைந்துவரும் இந்நாளில், இறைவன் மலைமேலிருந்து இறக்கும் நீரின்கீழ் அச்சமத்துவத்தின் சாயலைக் காண்பது எமக்கு ஆறுதலாக இருந்தது.

நீர் யாருக்கு உரியது?

இப்பொதுமைக்கும் இன்று ஊறு நேர்ந்துள்ளது. மலையடிவாரத்துத் தனியார் விடுதிகள் சில, இயற்கை நீரோடைகளின் போக்கைத் திருப்பித் தம் வளாகத்துள் செயற்கை அருவிகளை அமைத்து, தம்மிடம் தங்குவோர்க்கு மட்டும் அவற்றைக் காட்டிப் பணம் ஈட்டின. இது வழக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை எட்டியது. அத்தகைய விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022-இல் நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. பூங்காவின் உரிமையாளர் தம் பணத்தில் குளம் வெட்டிக் கட்டணம் கேட்கிறார். அதனை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். ஊரார்க்கு உரிய ஓடையைத் திருப்பி, அதற்கு வாயில் வைத்து, சீட்டுக் கொடுப்பது அவ்வாறானதன்று. அது பொதுச் சொத்தைக் கவர்தலே ஆகும்.

நீரும் மேய்ச்சற் புல்லும் நெருப்பும் மக்கள் யாவர்க்கும் பொது என்னும் கருத்து நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. மதீனாவில் முஸ்லிம்கள் குடியேறிய காலத்தில் ரூமா என்னும் கிணற்றின் நீர் விலைக்கே கிடைத்தது, ஏழைகள் அல்லலுற்றனர். அதனை வாங்கிப் பொதுவாக்குவோர்க்கு நற்பேறு உண்டென அண்ணலார் அறிவித்ததும், உஸ்மான் (ரலி) அவர்கள் தம் செல்வத்தைக் கொடுத்து அக்கிணற்றை வாங்கி, ஊரார் அனைவர்க்கும் அறக்கொடையாக்கினார்கள். விலைக்கு விற்ற நீரை விலையில்லா நீராக்கியது நம் வரலாறு. விலையில்லா நீர் விலைக்கு விற்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருத்தல் அவ்வரலாற்றுக்கு உரியோர்க்கு அழகாகுமோ?

செய்யத்தக்கன

முதலாவது, செலவில் நடுநிலை. வீண்விரயத்தைக் கண்டிக்கும் திருமறை கஞ்சத்தனத்தையும் கண்டிக்கின்றது. இரண்டுக்கும் இடைப்பட்டதே இறையடியார் வழி என்கின்றது. பிள்ளைகளை எங்கும் அழைத்துச் செல்லாமல் பணத்தைப் பூட்டிவைப்பதும் முறையன்று. அண்டைவீட்டார் சென்றார் என்பதற்காக வட்டிக்குக் கடன் வாங்கிப் பூங்காவுக்குப் போவதும் முறையன்று. ஒருநாள் களிப்புக்கு ஓராண்டுத் தவணை கட்டும் குடும்பங்களை யாம் அறிவோம். அவ்வீடுகளில் சுற்றுலாவின் நினைவு மறைந்த பின்னரும் தவணையின் நினைவு மறைவதில்லை.

இரண்டாவது, கூட்டுப் பயணம். நான்கு குடும்பங்கள் ஒரு வாகனத்தை அமர்த்தி, சனி ஞாயிறு தவிர்த்த நாளில் சென்றால், செலவு பாதியாகும், நெரிசலும் குறையும். ஜமாஅத்துகள் சாரல் காலத்தில் ஒருநாளை ஒதுக்கி, மஹல்லாவின் அநாதைச் சிறார்களையும் துணையற்ற முதியோரையும் அருவிக்கு அழைத்துச் செல்லலாம். ஜகாத் நிதியைத் தொட வேண்டுவதில்லை. வசதி படைத்தோர் தத்தம் குடும்பச் சுற்றுலாச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஸதக்காவாக எடுத்துவைத்தாலே போதும்.

மூன்றாவது, பொது இடத்தைப் பேணுதல். மகளிர் உடைமாற்றும் அறைகளும் கழிப்பறைகளும் தூய்மையாக இருந்தால், பணம் கொடுத்துத் தனியிடம் தேடும் தேவை பாதி நீங்கும். இதனை உள்ளாட்சி அமைப்புகளிடம் வலியுறுத்துதல் நம் கடமை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகம் நம் ஊரிலேயே உள்ளது. முறையிடத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அருவிக்கரையில் நெகிழிப் பையை எறியாதிருத்தலும், வெள்ள எச்சரிக்கை கேட்டவுடன் வெளியேறுதலும் நம் கையிலேயே உள்ளன. பொது இடம் பாழ்படும்போதெல்லாம் செல்வர் தனியிடம் தேடிக்கொள்வர். எஞ்சிய பாழில் நிற்பவர் ஏழையே.

நான்காவது, மாணவர்க்கு ஒரு சொல். சுற்றுலாவுக்கு இடம் தேரும்போது, “எவ்விடம் சிறந்தது?” என்று கேட்பதற்கு முன், “நம்முள் எவரேனும் விடுபடுவரோ?” என்று கேளுங்கள். இவ்வினாவை இருபது வயதில் கேட்கப் பழகியவர் நாளை குடும்பத் தலைவராகும்போதும், ஜமாஅத் நிர்வாகியாகும்போதும், ஊராளும் பொறுப்பில் அமரும்போதும் அதனை மறவார்.

மகிழ்ச்சி இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்று. அதனைத் தேடிச் செல்லும் பாதையில் எளியோரும் உடன்வரும் வகையில் நம் செலவையும் நம் ஊரையும் அமைத்துக்கொள்வோமாக. பொதிகை மலையில் பெய்யும் மழையும், அம்மழை அருவியாய் இறங்கும் பாறையும், அதனடியில் குளிரும் மக்களும் என்றும் பொதுமை குன்றாது விளங்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.